உருபு ஒன்று, ப்ரிபொசிஷன் பல: ஆங்கிலத்தில் பெயர்களையும் வாக்கியங்களையும் இணைக்க முழுமையான வழிகாட்டி

ராமேஸ்வரத்து லாட்ஜ் வரவேற்பில் பேசுகிறவர், பாம்பன் பாலத்தைக் காட்டி விவரம் சொல்லும் ஆட்டோக்காரர், கீழக்கரையிலிருந்து வளைகுடா வேலைக்கு விண்ணப்பம் எழுதும் பையன் எல்லோருக்கும் ஆங்கிலம் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறது. சொற்கள் தெரியும். வினையின் காலமும் ஓரளவு சரியாக வந்துவிடும். 'இன்', 'ஆன்', 'அட்', 'டு', 'ஃபார்' என்ற பொடிச் சொற்களில், அதாவது ப்ரிபொசிஷன்களில், எதைப் போடுவது, போடத்தான் வேண்டுமா என்பதில் நாக்கு நின்றுவிடும்.

காரணம், பள்ளியில் மனப்பாடம் செய்த அட்டவணை. 'இல்' என்றால் 'இன்', 'கு' என்றால் 'டு', 'ஆல்' என்றால் 'பை'. தமிழ் உருபைப் பார்த்து ப்ரிபொசிஷனைத் தேடினால் பாதி இடத்தில் தப்பாகத்தான் வரும். ப்ரிபொசிஷனை முடிவு செய்வது அதற்கு முன்னால் நிற்கும் சொல், அல்லது பின்னால் நிற்கும் சொல். தமிழ் உருபு, 'இங்கே ஓர் இணைப்பு இருக்கிறது' என்று காட்டுவதோடு சரி. கீழே உள்ள படிகள் எல்லாம் இதை வைத்துத்தான். வரிசையை மாற்றாமல் போங்கள்.

ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறது. 'ஆன்' என்று வருவது விளக்கை ஆன் செய்கிறோமே, அந்தச் சொல். 'ஆஃப்' என்று வருவது விளக்கை ஆஃப் செய்யும் சொல் அல்ல. ஒரே ஓர் 'எஃப்' போட்டு எழுதும், 'உடைய' என்ற பொருளில் வரும் சொல். உங்கள் நோட்டில் ஆங்கில எழுத்திலேயே எழுதிப் பழகுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, ஓர் அகராதி, நீங்கள் தினமும் சொல்லும் இருபது தமிழ் வாக்கியங்கள். இவ்வளவு போதும்.

அகராதி ஆங்கிலம்-தமிழ் அகராதியாக இருந்தால் இந்த வேலைக்கு உதவாது. ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே வரும் ஆங்கிலம்-ஆங்கில அகராதி வேண்டும். போனில் இலவசமாகவே கிடைக்கும். 'டிபெண்ட்' என்று தேடினால் பொருளோடு, 'ஆன்' சேர்த்த எடுத்துக்காட்டு வாக்கியமும் அதில் வரும். நமக்கு வேண்டியது அந்த வாக்கியம்தான்.

இருபது வாக்கியங்களை உங்கள் வேலையிலிருந்தே எடுங்கள். இறால் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவருக்கு ஐஸ், பெட்டி, லாரி, பில் பற்றிய வாக்கியம்; லாட்ஜில் இருப்பவருக்கு ரூம், சாவி, நேரம், வழி. ப்ரிபொசிஷன் பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொண்டுதான் மனதில் தங்கும். நீங்கள் புழங்காத சொல்லோடு படித்தது மறுநாள் நிற்காது.

நோட்டில் ஒரு கட்டுப்பாடு: ப்ரிபொசிஷனைத் தனியாக எழுதவே கூடாது. முன்சொல் முடிவு செய்வதை இடப்பக்கம் எழுதுங்கள்: 'வெயிட் ஃபார்', 'லிசன் டு'. பின்சொல் முடிவு செய்வதை வலப்பக்கம்: 'ஆன் தி ஐலண்ட்', 'அட் நைட்'. நூறு ப்ரிபொசிஷன் கொண்ட பட்டியலைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுவது வீண் வேலை. அட், ஆன், இன், டு, ஃப்ரம், ஃபார், ஆஃப், வித், பை, அபவுட், அன்டில், டியூரிங் ஆகிய 12 பிடிபட்டால் அன்றாடப் பேச்சு ஓடிவிடும்.

ஆங்கில வாக்கியம் ஒன்றைப் பார்த்ததும் எது வினை, எது பெயர் என்று காட்டத் தெரியாவிட்டால் முதலில் அதற்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். அது இல்லாமல் 3-ஆம் படிக்குமேல் நகர முடியாது.

2. முதலில் வரிசையைத் திருப்புங்கள்

தமிழில் முக்கியமான பெயர் கடைசியில் வரும். அதைப் பற்றிய விவரமெல்லாம் முன்னால் வரும். ஆங்கிலத்தில் முக்கியமான பெயர் முதலில் வந்து நின்றுகொள்ளும். விவரம் ஒவ்வொன்றும் ப்ரிபொசிஷனைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும்.

'மண்டபம் ஜெட்டியில் நிற்கும் படகின் இன்ஜினுக்கான பில்' என்று எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியிலிருந்து எண் போடுங்கள்: பில் 1, இன்ஜின் 2, படகு 3, ஜெட்டி 4. அந்த வரிசையிலேயே நான்கு பெயர்களையும் ஆங்கிலத்தில் எழுதி, நடுவில் இடம் விடுங்கள். பிறகு இடைவெளியை நிரப்புங்கள்: 'தி பில் ஃபார் தி எஞ்சின் ஆஃப் தி போட் அட் தி மண்டபம் ஜெட்டி'.

பெயர்களை அடுக்கிவிட்டு அப்புறம் ப்ரிபொசிஷனைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. ப்ரிபொசிஷனை முதலில் யோசித்தால் கை தமிழ் வரிசையிலேயே எழுதிக்கொண்டு போகும்; 'மண்டபம் ஜெட்டி போட் எஞ்சின் பில்' என்று சரக்கு ரயில் மாதிரி நீளும். 'போட் எஞ்சின்', 'ஃபிஷ் மார்க்கெட்' என்று இரண்டு பெயரை ஒட்டுவது ஆங்கிலத்திலும் இயல்புதான். மூன்றாவது வந்தால் எங்காவது ஒரு ப்ரிபொசிஷன் போட்டுப் பிரித்துவிடுங்கள்: 'தி பில் ஃபார் தி போட் எஞ்சின்'.

இருபது வாக்கியங்களிலும் எண் போடும் வேலையை முடித்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

3. முன்னால் நிற்கும் வினையைக் கேளுங்கள்

இடைவெளியை நிரப்பும்போது முதல் கேள்வி: இந்த இடத்துக்கு முன்னால் இருக்கும் வினை தனக்கென்று ஒரு ப்ரிபொசிஷன் வைத்திருக்கிறதா? வைத்திருந்தால் அதுதான் முடிவு. பின்சொல்லைப் பார்க்கவே வேண்டாம்.

'இடம்' என்ற ஒரே உருபை வைத்துப் பாருங்கள்.

சூப்பர்வைசரிடம் கேட்டேன்: 'ஐ ஆஸ்க்ட் தி சூப்பர்வைசர்'. ஒன்றுமே இல்லை.
சூப்பர்வைசரிடம் விளக்கினேன்: 'ஐ எக்ஸ்ப்ளெய்ன்ட் இட் டு தி சூப்பர்வைசர்'.
சூப்பர்வைசரிடம் வாங்கினேன்: 'ஐ பாட் இட் ஃப்ரம் தி சூப்பர்வைசர்'.
சாவி சூப்பர்வைசரிடம் இருக்கிறது: 'தி கீ இஸ் வித் தி சூப்பர்வைசர்'.

நான்கு வாக்கியம், நான்கு விடை. 'இடம்' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று யாராவது கேட்டால் பதில் கிடையாது. வினையைச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

'சொன்னேன்' என்பதில் தனிச் சிக்கல். 'டோல்ட்' போட்டால் ஆளை நேராக வைக்க வேண்டும்: 'ஐ டோல்ட் ஹிம்'. 'செட்' போட்டால் 'டு' வேண்டும்: 'ஐ செட் டு ஹிம்'. 'டோல்ட் டு ஹிம்' என்பது இரண்டையும் கலந்தது.

அதிகம் தப்பு நடப்பது, ப்ரிபொசிஷனே வேண்டாத வினைகளில். 'பற்றி விவாதித்தோம்' என்பதால் 'டிஸ்கஸ்ட் அபவுட்' என்று வருகிறது. 'டிஸ்கஸ்ட் தி பிரைஸ்' என்பதோடு முடிந்தது. 'மண்டபத்துக்கு வந்து சேர்ந்தோம்' என்பதால் 'ரீச்ட் டு மண்டபம்'. 'ரீச்ட் மண்டபம்' போதும். 'ஆபீசுக்குள் நுழைந்தேன்' என்பது 'என்டர்ட் தி ஆபீஸ்'. 'மேனேஜரைத் தொடர்பு கொண்டேன்' என்பது 'கான்டாக்டட் தி மேனேஜர்'. 'ஆன்சர்', 'விசிட்', 'கிராஸ்', 'மேரி', 'அப்ரோச்' எல்லாம் இந்தக் கூட்டம்தான். வினையாக இல்லாமல் பெயராக மாறினால் மட்டும் ப்ரிபொசிஷன் திரும்ப வரும்: 'எ டிஸ்கஷன் அபவுட் தி பிரைஸ்', 'எ விசிட் டு தி டெம்பிள்'.

பொருள் ஒன்றாக இருந்தாலும் வினை மாறினால் கணக்கு மாறும். 'தி டிரெய்ன் கிராசஸ் தி பிரிட்ஜ்' சரி. 'கோஸ்' போட்டால் 'கோஸ் ஓவர் தி பிரிட்ஜ்'. 'ரீச்' தனியாக நிற்கும். 'அரைவ்' நிற்காது: ஊராக இருந்தால் 'அரைவ்ட் இன் ராமேஸ்வரம்', ஓர் இடப்புள்ளியாக இருந்தால் 'அரைவ்ட் அட் தி ஜெட்டி'. 'அரைவ்ட் டு' என்று ஒன்று கிடையாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: ஆங்கில வினை கேட்கும், தமிழில் அதற்கு அடையாளமே இருக்காது. 'பாட்டுக் கேட்கிறேன்' என்பதில் உருபு கண்ணுக்கே தெரியவில்லை. ஆங்கிலத்தில் 'லிசன் டு'. 'இந்தப் படத்தைப் பார்' என்பது 'லுக் அட்'. 'பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன்' என்பது 'வெயிட்டிங் ஃபார் தி பஸ்'. 'வெயிட்டிங் தி பஸ்' என்றால் அரைகுறை.

பணம் கொடுப்பதில் கவனம். 'டிரைவருக்குப் பணம் கொடுத்தேன்', 'டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தேன்' இரண்டிலும் 'கு'தான். ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒன்றும் வேண்டாம், பொருளுக்கு 'ஃபார்' வேண்டும். சேர்த்துச் சொன்னால், 'ஐ பெய்ட் தி டிரைவர் 200 ருபீஸ் ஃபார் தி டிரிப்'. 'ஆஸ்க்' வினைக்கும் இதே அமைப்பு: 'ஐ ஆஸ்க்ட் தி வாட்ச்மேன் ஃபார் தி கீ'. புகார் சொல்வதென்றால் ஆளுக்கு 'டு', விஷயத்துக்கு 'அபவுட்': 'ஹி கம்ப்ளெய்ன்ட் டு தி மேனேஜர் அபவுட் தி ஸ்மெல்'.

4. வினை வாய் திறக்காவிட்டால் பின்னால் நிற்கும் பெயரைக் கேளுங்கள்

'இருக்கிறது', 'நின்றது', 'பிடித்தோம்', 'வந்தோம்' போன்ற வினைகள் குறிப்பிட்ட ப்ரிபொசிஷன் எதையும் கட்டாயப்படுத்துவதில்லை. அப்போது இடமோ நேரமோ பின்னால் வரும். அதுதான் முடிவு செய்யும்.

இடம். புள்ளியாக நினைத்தால் 'அட்', பரப்போ கோடோ என்றால் 'ஆன்', எல்லைக்குள் என்றால் 'இன்'. ஊருக்கு ஊர் ஒரே விடை என்று நினைக்காதீர்கள். ராமேஸ்வரத்தில் வீடு என்றால் 'இன் ராமேஸ்வரம்'. அந்த ஊர் இருக்கும் தீவைச் சொன்னால் 'ஆன் பாம்பன் ஐலண்ட்'. கீழக்கரை கடற்கரையில் இருக்கிறது என்றால், கரை ஒரு கோடு என்பதால் 'ஆன் தி கோஸ்ட்'. பஸ் வழியில் ராமநாதபுரத்தில் நிற்கும் என்னும்போது அந்த ஊர் வெறும் நிறுத்தம், ஆகவே 'ஸ்டாப்ஸ் அட் ராமநாதபுரம்'. தனுஷ்கோடி தீவின் தென்கிழக்கு முனையில் இருக்கிறது என்பதற்கும் 'அட்': 'அட் தி சவுத்ஈஸ்டர்ன் டிப் ஆஃப் தி ஐலண்ட்'.

வண்டிகளில், எழுந்து நடமாட முடிந்தால் 'ஆன்': பஸ், ரயில், கப்பல், பெரிய விசைப்படகு. குனிந்து ஏறி உட்கார்ந்தே போவதென்றால் 'இன்': கார், ஆட்டோ, சின்ன வள்ளம். பைக்கும் சைக்கிளும் உள்ளே உட்காருகிற வண்டிகள் அல்ல, அவற்றுக்கு 'ஆன்'. 'பை' போட்டால் இடையில் 'தி', 'எ' எதுவும் வரக் கூடாது: 'பை பஸ்', 'பை ஆட்டோ'. நடந்து வந்தேன் என்பது 'ஆன் ஃபுட்'. 'பை வாக்' நம் ஊரில் மட்டும்தான் செல்லும்.

இந்தக் கரையில் இருப்பவர்களுக்குக் 'கடலில்' என்ற சொல்லை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மீன்பிடிக்கப் போனவரைப் பற்றி யாராவது போனில் கேட்டால், 'ஹி இஸ் அட் சீ' என்பதே பதில், 'தி' வராது. 'ஹி இஸ் இன் தி சீ' என்றால் ஆள் தண்ணீருக்குள் இருக்கிறார் என்று பொருள், கேட்கிறவர் பதறிப்போவார். கடலுக்குப் போகிறார்கள் என்பது 'தே கோ டு சீ'; இதிலும் 'தி' இல்லை. சரக்கு கடல் வழியாகப் போகிறது என்றால் 'பை சீ'. பெயருள்ள கடற்பகுதி வந்தால் 'இன்': வடகடலில் பிடித்தது 'காட் இன் பாக் பே', தென்கடலில் பிடித்தது 'காட் இன் தி கல்ஃப் ஆஃப் மன்னார்'. அந்தக் கடலில் 21 தீவுகள் என்பது 'தேர் ஆர் 21 ஐலண்ட்ஸ் இன் தி கல்ஃப் ஆஃப் மன்னார்'. ஆனால் அந்தத் தீவு ஒன்றில் கால் வைத்தால் மறுபடி 'ஆன்'.

நேரம். மணிக்கு 'அட்', நாளுக்கு 'ஆன்', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்'. புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது 'ஆன் 6 ஏப்ரல் 2025'. தேதியை எடுத்துவிட்டால் 'இன் ஏப்ரல் 2025'. பழைய பாலம் 'இன் 1914'. மிகச் சின்ன அலகுதான் ப்ரிபொசிஷனை முடிவு செய்யும். இரவில் என்பது 'அட் நைட்'. தனுஷ்கோடியைப் புயல் அடித்த இரவைச் சொன்னால் 'ஆன் தி நைட் ஆஃப் 22 டிசம்பர் 1964'; குறிப்பிட்ட ஒரு நாளின் இரவு ஆகிவிட்டதால் 'அட்' போய் 'ஆன்' வந்தது. 'டுமாரோ', 'நெக்ஸ்ட் வீக்', 'லாஸ்ட் மன்த்' ஆகியவற்றுக்கு முன்னால் எதுவுமே வேண்டாம். 'நாளைக்கு' என்பதில் 'கு' இருக்கிறதே என்று 'ஆன் டுமாரோ' போட்டுவிடுகிறார்கள்.

நீடிக்கும் காலத்துக்கு விசைப்படகுத் தடைக்காலமே நல்ல பாடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்.

தொடக்கமும் முடிவும்: 'ஃப்ரம் 15 ஏப்ரல் டு 14 ஜூன்'.
எத்தனை நாள்: 'ஃபார் 61 டேஸ்'.
அந்தக் காலத்தில்: 'டியூரிங் தி பேன்'.
மே 1 அன்று நின்று பார்த்தால்: 'தி போட்ஸ் ஹேவ் பீன் அட் தி ஜெட்டி சின்ஸ் 15 ஏப்ரல்'.
ஜூன் 14 வரை கரையில்தான்: 'அன்டில் 14 ஜூன்'.
ஜூன் 14-க்குள் பழுது பார்த்து முடிக்க வேண்டும்: 'பை 14 ஜூன்'.

'சின்ஸ்' தொடங்கிய புள்ளியைக் கேட்கும், 'ஃபார்' அளவைக் கேட்கும். 'சின்ஸ் டூ வீக்ஸ்' தப்பு. 'ஃபார் டூ வீக்ஸ்'. இன்றுவரை தொடர்கிற நிலை என்றால் இரண்டோடும் 'ஹேவ்' வர வேண்டும். 'ஐ ஆம் வெயிட்டிங் சின்ஸ் மார்னிங்' என்பது இந்த ஒரு சொல் இல்லாததால் கெட்டது.

'வரை', 'குள்' இரண்டையும் 'அன்டில்' ஆக்குவதுதான் பணத்தைத் தின்னும் பிழை. நிலை நீடித்தால் 'அன்டில்', வேலை முடிந்தாக வேண்டும் என்றால் 'பை'. 'யூ கேன் கீப் தி ரூம் அன்டில் 10' என்றால் பத்து மணி வரை ரூம் அவருடையது. 'பிளீஸ் வெக்கேட் பை 10' என்றால் பத்தடிக்கும்போது ரூம் காலி. வாடகைச் சண்டைக்கு இந்த ஒரு சொல் போதும். மணியைச் சொல்லி 'விதின் 10 ஓ கிளாக்' என்பதும் கூடாது. 'விதின்' அளவோடுதான் வரும்: 'விதின் டென் மினிட்ஸ்'. 'ஆட்டோ பத்து நிமிடத்தில் வரும்' என்பதற்கு 'இன் டென் மினிட்ஸ்'; சுமார் பத்து நிமிடம் கழித்து என்று அர்த்தம். பத்துக்கு மேல் ஆகாது என்று உறுதி கொடுப்பதானால் மட்டும் 'விதின்'.

5. பெயரோடு பெயரைக் கட்டும்போது

இங்கே முடிவு செய்வது முன்னால் நிற்கும் பெயர். 'ஆஃப்' எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். விலை 'பிரைஸ் ஆஃப்'. தேவை 'டிமாண்ட் ஃபார்'. காரணம் 'ரீசன் ஃபார்'. தீர்வு 'சொல்யூஷன் டு'. வலைக்கு ஏற்பட்ட சேதம் 'டேமேஜ் டு தி நெட்'. இழப்பீட்டு மனு எழுதுகிறவர்கள் 'டேமேஜ் ஆஃப்' என்றே எழுதுகிறார்கள். ரூம் சாவி 'தி கீ டு தி ரூம்'.

ஏற்ற இறக்கத்தைச் சொல்லும்போது எது ஏறியது என்பதற்கு 'இன்', எவ்வளவு ஏறியது என்பதற்கு 'ஆஃப்'. 'எ ரைஸ் ஆஃப் 50 ருபீஸ் இன் தி பிரைஸ் ஆஃப் பிரான்ஸ்': இறால் விலையில் 50 ரூபாய் ஏற்றம். ஏற்றுமதி மெயிலில் இதைத் தலைகீழாக எழுதினால் வாங்குகிறவர் திருப்பிக் கேட்பார்.

ஆளின் உடைமை என்றால் 'ஆஃப்' வேண்டாம். 'மை பிரதர்ஸ் போட்' என்பதே இயல்பு.

இன்னொன்று, வைக்கும் இடம். ப்ரிபொசிஷனோடு வரும் துண்டு, எதைப் பற்றியதோ அதற்கு அடுத்தே நிற்க வேண்டும். 'வி செல் டிரை ஃபிஷ் டு டூரிஸ்ட்ஸ் இன் பிளாஸ்டிக் கவர்ஸ்' என்று ஒரு கருவாட்டுக் கடைப் பலகை சொன்னால், கவருக்குள் இருப்பது சுற்றுலாப் பயணிகள். 'இன் பிளாஸ்டிக் கவர்ஸ்' என்பதைக் கருவாட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள். தமிழில் உருபு பெயரோடு ஒட்டியிருப்பதால் துண்டுகளை முன்பின் மாற்றினாலும் பெரும்பாலும் பொருள் தப்பாது. ஆங்கிலத்தில் இடம் மாறினால் பொருளும் மாறிவிடும்.

6. வாக்கியத்தோடு வாக்கியத்தைக் கட்டும்போது

ப்ரிபொசிஷனுக்குப் பின்னால் பெயர்தான் வரலாம். எழுவாயும் வினையும் கொண்ட முழு வாக்கியம் வரக் கூடாது; அதற்கு வேறு இணைப்புச்சொல் வேண்டும். ஆகவே இணைப்பைத் தேடும் முன், பின்னால் வரப்போவது பெயரா வாக்கியமா என்று பாருங்கள்.

காற்றால்: 'பிகாஸ் ஆஃப் தி விண்ட்'. காற்று அடித்ததால்: 'பிகாஸ் தி விண்ட் வாஸ் ஸ்ட்ராங்'. 'பிகாஸ் ஆஃப் தி விண்ட் வாஸ் ஸ்ட்ராங்' என்பதே வகுப்பில் முதல் வாரம் முழுக்கக் காதில் விழும் பிழை.

தடைக்காலத்தில்: 'டியூரிங் தி பேன்'. தடை நடந்துகொண்டிருக்கும்போது: 'வைல் தி பேன் இஸ் ஆன்'. 'டியூரிங்' பெயரை மட்டும் ஏற்கும், 'வைல்' பெயரை ஏற்காது.

மழை இருந்தும்: 'டிஸ்பைட் தி ரெய்ன்'. மழை பெய்தாலும்: 'ஆல்தோ இட் ரெய்ன்ட்'. 'டிஸ்பைட் ஆஃப்' கிடையாது. 'ஆஃப்' வேண்டுமென்றால் 'இன் ஸ்பைட் ஆஃப்'.

'ஆஃப்டர்', 'பிஃபோர்', 'அன்டில்', 'சின்ஸ்' நான்கும் இரண்டு பக்கமும் போகும். 'ஆஃப்டர் தி பேன்', 'ஆஃப்டர் தி பேன் எண்ட்ஸ்' இரண்டும் சரி. இந்த நான்கில் தைரியமாகப் பேசலாம்.

செயலைச் சொல்ல வேண்டும், எழுவாயைத் திரும்பச் சொல்ல வேண்டாம் என்றால் வினையோடு 'இங்' சேர்த்துப் பெயராக்குங்கள். கடலுக்குப் போகும் முன்: 'பிஃபோர் கோயிங் டு சீ'. டோக்கன் வாங்காமல்: 'விதவுட் கெட்டிங் எ டோக்கன்'. விற்பதற்குப் பதிலாக: 'இன்ஸ்டெட் ஆஃப் செல்லிங்'. இந்த இடத்தில் 'பிஃபோர் டு கோ', 'விதவுட் டு கெட்' என்று வருவதற்குக் காரணம், 'டு' வந்தாலே வினையின் மூல வடிவம் வரும் என்ற பழக்கம். 'டு' சில இடங்களில் முழு ப்ரிபொசிஷன்: 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ'. சோதனை சுலபம். 'டு'வுக்குப் பின்னால் 'இட்' போட்டுப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்' நிற்கிறது, ஆகவே 'இங்' வேண்டும். 'வான்ட் டு இட்' நிற்காது, ஆகவே 'வான்ட் டு மீட்'.

'என்று' வரும் வாக்கியங்களில் ஆங்கிலம் 'தட்' போடும். போட்டதும் ப்ரிபொசிஷன் உதிர்ந்துவிடும். 'சர்ப்ரைஸ்ட் அட் தி பிரைஸ்' சரி. வாக்கியம் வந்தால் 'சர்ப்ரைஸ்ட் தட் தி பிரைஸ் வாஸ் ஸோ ஹை'. 'சர்ப்ரைஸ்ட் அட் தட்' என்று தொடரக் கூடாது.

7. பெயரெச்சத்தில் தொலைந்துபோவதை மீட்டெடுங்கள்

நன்றாகப் பேசுகிறவர்களும் இங்கே தவறுவார்கள். 'லாட்ஜில் தங்கினேன்' என்பதில் 'இல்' இருக்கிறது. 'நான் தங்கிய லாட்ஜ்' என்று மாற்றியதும் 'இல்' காணாமல் போகிறது; தமிழுக்கு அது தேவையில்லை. ஆங்கிலத்துக்குத் தேவை: 'தி லாட்ஜ் ஐ ஸ்டேய்ட் அட்'. 'நான் மீன் வெட்டிய கத்தி' என்பது 'தி நைஃப் ஐ கட் தி ஃபிஷ் வித்'. 'நான் பேசிய ஆபீசர்' என்பது 'தி ஆபீசர் ஐ ஸ்போக் டு'.

செய்யும் முறை: பெயரெச்சத்தை முழு வாக்கியமாகப் பிரியுங்கள். 'கத்தியால் மீன் வெட்டினேன்', 'ஐ கட் தி ஃபிஷ் வித் தி நைஃப்'. அங்கே 'வித்' இருந்தால், பெயர் முன்னால் நகர்ந்த பிறகும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். ப்ரிபொசிஷனில் வாக்கியம் முடியக் கூடாது என்று சில ஆசிரியர்கள் இன்னும் சொல்கிறார்கள். பேச்சில் அதைப் பொருட்படுத்த வேண்டாம். அலுவலகக் கடிதத்தில் 'தி லாட்ஜ் அட் விச் ஐ ஸ்டேய்ட்' என்று முன்னால் கொண்டுவரலாம். இரண்டு இடத்திலும் போடுவதுதான் பிழை. 'வேர்' போட்டால் 'அட்' வேண்டாம்: 'தி லாட்ஜ் வேர் ஐ ஸ்டேய்ட்'.

கேள்விகளும் அப்படியே. தமிழில் 'எந்த பஸ்ஸில்', 'யாருக்காக' என்று உருபு கேள்விச்சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் கடைசியில் நிற்கும். 'விச் பஸ் டிட் யூ கம் ஆன்?' 'ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?' 'வேர் ஆர் யூ ஃப்ரம்?' விதிவிலக்கு ஒன்று: எங்கே போகிறீர்கள் என்பதில் 'டு' வேண்டாம், 'வேர் ஆர் யூ கோயிங்?' போதும். 'ஃப்ரம்' மட்டும் விடக் கூடாது.

8. எழுதி முடித்தபின் சரிபார்க்கும் வரிசை

லாட்ஜிலிருந்து விருந்தினருக்கு அனுப்பும் செய்தி ஒன்று. புதிதாகச் சேர்ந்தவர் எழுதும் வடிவம் இப்படி இருக்கும்:

'பிகாஸ் ஆஃப் ஸ்ட்ராங் விண்ட் இஸ் புளோயிங் அட் பாம்பன், தி டிரெய்ன் மே பி லேட். இஃப் யூ ரீச் டு ராமேஸ்வரம் அன்டில் 12, யூ கேன் கோ டு தி டெம்பிள் பிஃபோர் டு ஈட். தி ரூம் யூ ஆஸ்க்ட் இஸ் ரெடி.'

முதலில் தேவையில்லாததை எடுங்கள்: 'ரீச் டு' என்பதில் 'டு' போகிறது. அடுத்து, ஒவ்வொரு ப்ரிபொசிஷனுக்கும் பின்னால் என்ன நிற்கிறது என்று பாருங்கள். 'பிகாஸ் ஆஃப்' பின்னால் வாக்கியம். 'இஸ் புளோயிங்' என்பதை வெட்டினால் பெயர் மிஞ்சும். 'பிஃபோர் டு ஈட்' என்பது 'பிஃபோர் ஈட்டிங்'. மூன்றாவது 'பை', 'அன்டில்': வந்து சேர்வது முடியும் செயல், ஆகவே 'பை 12'. நான்காவது பெயரெச்சம்: 'ரூம் கேட்டீர்கள்' என்பது 'ஆஸ்க்ட் ஃபார் எ ரூம்', ஆகவே 'தி ரூம் யூ ஆஸ்க்ட் ஃபார்'.

'பிகாஸ் ஆஃப் ஸ்ட்ராங் விண்ட் அட் பாம்பன், தி டிரெய்ன் மே பி லேட். இஃப் யூ ரீச் ராமேஸ்வரம் பை 12, யூ கேன் கோ டு தி டெம்பிள் பிஃபோர் ஈட்டிங். தி ரூம் யூ ஆஸ்க்ட் ஃபார் இஸ் ரெடி.'

'அட்', 'ஆன்', 'இன்' மூன்றையும் கடைசியில்தான் பார்க்க வேண்டும். அவற்றில் தப்பினாலும் பெரும்பாலும் சொன்னது புரிந்துவிடும். புதியவர்கள் இவற்றிலேயே முக்கால் நேரத்தைச் செலவழித்துவிட்டு 'பை', 'அன்டில்' பிழையோடு செய்தியை அனுப்பிவிடுகிறார்கள். சில இடங்களில் ஆங்கிலேயர் ஒன்றும் அமெரிக்கர் வேறொன்றும் சொல்வார்கள்: வார இறுதிக்கு அவர்கள் 'அட் தி வீக்எண்ட்', இவர்கள் 'ஆன் தி வீக்எண்ட்'. அகராதி இரண்டையும் காட்டினால் உங்கள் வாய்க்கு வருவதை நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள்.